பள்ளம், மேடு, கோணல்: குவில்ட் கட்டங்களை இணைக்கும்போது வரும் கோளாறுகள்

ஒரு முழுப் போர்வையை வீட்டு மெஷினின் சின்ன இடைவெளிக்குள் சுருட்டித் திணித்துத் தைப்பது தோளுக்கும் கழுத்துக்கும் ஆகாத வேலை. அதனால்தான் 'குவில்ட் ஆஸ் யூ கோ' முறை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் வைத்துத் தனியாகத் தைத்து முடித்துவிடலாம். எல்லாக் கட்டமும் தயாரானபின் பட்டி வைத்து ஒன்றோடொன்று இணைத்தால் போர்வை வந்துவிடும். நடுவில் வைப்பதை இங்கே கடைகளில் பேட்டிங் என்பார்கள். நான் பஞ்சு என்றே எழுதுகிறேன்.

சிக்கல் எல்லாம் அந்த இணைப்பில்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் ஐந்தாறு பேர் கூடித் தைக்கிறோம். அதில் பாதிப் பேர் டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் வருடக்கணக்கில் மெஷின் ஓட்டியவர்கள். நேர்த்தையலுக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்களே கட்டங்களை இணைத்துவிட்டு, "அக்கா, எல்லாம் கால் இஞ்சில்தான் அடித்தேன், ஏன் இப்படிக் குழி விழுது?" என்று போர்வையைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார்கள். கைப்பழக்கம் போதாமல் வருகிற கோளாறு இல்லை இது. அளவில் எங்கோ ஒரு மில்லிமீட்டர் தவறியிருக்கும், அது இணைக்கிற இடத்தில்தான் வெளியே தெரியும்.

கோளாறுகள் கண்ணுக்கும் விரலுக்கும் எப்படித் தெரிகின்றனவோ அப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் போர்வையில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வருகிற கணக்கை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தையலைப் பிரிக்கும் முன் ஒரு கணக்கு

நாங்கள் இணைக்கும் விதம் இதுதான். தைத்து முடித்த கட்டத்தை நாலு பக்கமும் நேராக வெட்டுகிறோம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒரே விளிம்பில் முடிய வேண்டும். முன்பட்டி 1⅛ இஞ்ச் அகலம், ஒற்றைத் துணி. பின்பட்டி 1¾ இஞ்ச் அகலம். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டால் ⅞ இஞ்ச் ஆகும். முதல் கட்டத்தின் மேல்பக்கத்தில் முன்பட்டியை நல்ல பக்கம் கீழே பார்க்க வைத்து, அடிப்பக்கத்தில் பின்பட்டியின் வெட்டு விளிம்பைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே தையலாகக் கால் இஞ்சில் அடிக்கிறோம். பிறகு முன்பட்டியைத் திருப்பி, அதன் மறு ஓரத்தில் இரண்டாவது கட்டத்தை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர வைத்து இன்னொரு கால் இஞ்ச் தையல். இந்தத் தையலில் பின்பட்டி மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கடைசியாகப் பின்பட்டியைத் திருப்பி, இரண்டாவது தையலை மூடி, கையால் எம்மிங் செய்கிறோம்.

இப்போது கணக்கு. 1⅛ இஞ்ச் என்றால் 28.6 மில்லிமீட்டர். கால் இஞ்ச் என்றால் 6.35. பட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தையல் அளவு உள்ளே மடங்கிப் போகிறது. அந்தப் பட்டிக்கு அடியில் இரண்டு கட்டங்களின் விளிம்பும் ஒவ்வொரு தையல் அளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பட்டியின் அகலத்திலிருந்து நாலு தையல் அளவு கழிகிறது. 28.6இல் 25.4 போனால் மிச்சம் 3 மில்லிமீட்டர் சொச்சம். துணி திரும்புகிற தடிமனே அதைச் சாப்பிட்டுவிடும். பஞ்சும் பஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் தொட்டுக்கொண்டு உட்காரும்.

இதில் 'நாலு' என்பதைக் கவனியுங்கள். உங்கள் தையல் 1 மில்லிமீட்டர் குறைந்தால், பஞ்சுக்கு நடுவே இடைவெளி 4 மில்லிமீட்டர் கூடி 7க்கு மேல் போய்விடும். அது பள்ளம். தையல் 1 மில்லிமீட்டர் கூடினால் இடைவெளியே இருக்காது, பஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அது மேடு. சாதாரணச் சட்டை தைக்கும்போது 1 மில்லிமீட்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே அந்தப் பழக்கம் உதவாது.

பட்டியின் மேல் விரலை ஓட்டினால் குழி விழுகிறது

முதலில் பட்டியின் அகலத்தை முன்பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள். தையலிலிருந்து தையல் வரை ⅝ இஞ்ச், அதாவது 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். 18 காட்டினால், பட்டியை அகலமாக வெட்டியிருக்கிறீர்கள் அல்லது தையல் குறைவாக விழுந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தும் குழி இருந்தால், கட்டத்தை வெட்டும்போது பஞ்சு உள்ளே இழுபட்டிருக்கிறது. மொண்ணையான ரோட்டரி பிளேடு மெல்லிய துணியை வெட்டும், பஞ்சை வெட்டாமல் தள்ளும். பிளேடை மாற்றுங்கள்.

என் மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறாள். அங்கே ஜூலை மாதக் குளிர் டர்பன் குளிர் மாதிரி இல்லை. அவளுக்கென்று முப்பது கட்டங்கள் வைத்துப் பெரிய போர்வை தைத்தேன். எல்லா இணைப்பும் குழி. பட்டியை வெட்டிய அளவு சரி, பிளேடு புதிது, மெஷினும் நல்ல மெஷின். கடைசியில் பார்த்தால் வாக்கிங் ஃபுட், அதாவது தடித்த அடுக்குகளை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் ஃபுட், காரணம். என் சாதாரண ஃபுட்டின் ஓரத்தை வைத்துத் தைத்தால் சரியாகக் கால் இஞ்ச் வரும். வாக்கிங் ஃபுட் அதைவிட அகலம். ஓரத்தை நம்பினால் தையல் பெரிதாகிவிடும் என்று பயந்து, கண் அளவாக உள்ளே தள்ளித் தள்ளி அடித்திருக்கிறேன். அடித்தது 5 மில்லிமீட்டர்தான். அன்றிலிருந்து ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டி, அதன் ஓரத்தில் துணியை மோத விட்டுத் தைக்கிறேன். ஃபுட் எதுவாக இருந்தாலும் டேப் மாறாது.

சரி, ஏற்கெனவே தைத்துவிட்ட குழியை என்ன செய்வது? முன்பக்கத் தையலைப் பிரிக்க வேண்டாம். பின்பட்டியின் எம்மிங்கை மட்டும் பிரியுங்கள். பட்டியைத் தூக்கினால் அடியில் வாய்க்கால் மாதிரி இடைவெளி தெரியும். அதன் அகலத்தை அளந்து, அதே அகலத்துக்குப் பஞ்சில் ஒரு நாடா வெட்டி அந்த வாய்க்காலில் கிடத்துங்கள். இரண்டு பக்கப் பஞ்சோடும் அகலமான கைத்தையலில், இழுக்காமல், பிடித்துவிட்டு, பின்பட்டியைத் திரும்ப மூடி எம்மிங் செய்யுங்கள். முப்பது கட்டப் போர்வையை அப்படித்தான் சரிசெய்தேன். இரண்டு வாரம் ஆனது. இன்றுவரை எங்கே நிரப்பினேன் என்று விரலுக்குத் தெரியவில்லை.

பின்பட்டியை மெஷினில் அடித்திருந்தால் இந்த வேலை கடினம். நான் பின்பக்கத்தைக் கையால் முடிக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பட்டி கயிறு போலப் புடைத்து நிற்கிறது

குழிக்கு நேர் எதிர். பஞ்சின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தையல் கூடுதலாக விழுந்திருக்கலாம், பட்டி குறுகலாக இருக்கலாம். பெரும்பாலும் நான் பார்ப்பது வேறு: தடிமனான பாலியஸ்டர் பஞ்சு. அது அமுங்காது, துள்ளி எழும். 1⅛, 1¾ என்ற அளவெல்லாம் தட்டையான பருத்திப் பஞ்சுக்கும், பருத்தி பெரும்பங்கு கலந்த பஞ்சுக்கும் போட்ட கணக்கு. உப்பிய பஞ்சுதான் கைவசம் இருக்கிறது என்றால், நல்ல கட்டங்களைத் தொடும் முன் கழிவிலிருந்து நாலு இஞ்ச் சதுரம் இரண்டு செய்து இணைத்துப் பாருங்கள். முன்பட்டியை 1¼ ஆக்க வேண்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை அது.

தைத்தாகிவிட்ட மேட்டுக்கும் வழி பின்பக்கம்தான். பின்பட்டியின் எம்மிங்கைப் பிரித்து, அடித்துணியின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இருக்கும் பஞ்சை மட்டும் ஒரு கட்டத்தின் பக்கத்திலிருந்து 2 மில்லிமீட்டர் நறுக்குங்கள். நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் நல்லது. தையலைத் தாண்டிக் கத்தரி போகக் கூடாது. இரண்டு பக்கத்திலும் நறுக்கினால் மேடு போய்க் குழி வந்து சேரும்.

ஒரே அளவில் வெட்டிய கட்டங்கள் தைத்தபின் ஒரே அளவில் இல்லை

இது கோளாறே இல்லை, துணியின் இயல்பு. பஞ்சோடு சேர்த்துத் தைக்கத் தைக்கக் கட்டம் சுருங்கும். நெருக்கமாகத் தைத்தால் அதிகம், அகலமாகத் தைத்தால் குறைவு. ஒரே போர்வையில் ஒரு கட்டத்தில் மாங்காய் வடிவம் நெருக்கமாகவும் இன்னொன்றில் வெறும் குறுக்குக் கோடுகளும் தைத்தால் இரண்டும் வேறு வேறு அளவில்தான் வந்து நிற்கும்.

12½ இஞ்ச் கட்டம் வேண்டுமானால் மேல்துணியை 13½க்கு வெட்டுங்கள். பஞ்சும் அடித்துணியும் அதைவிட அரை இஞ்ச் பெரிதாக இருக்கட்டும். எல்லாக் கட்டமும் தைத்து முடியும்வரை ஒன்றைக்கூட இறுதி அளவுக்கு வெட்டாதீர்கள். எல்லாவற்றையும் அடுக்கி, மிகச் சிறியது எதுவோ அதன் அளவுக்கு மற்றதை வெட்டுங்கள். 12¼தான் வந்தது என்றால் 12¼. போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவே. நட்சத்திரம் மாதிரி முனை உள்ள வடிவம் என்றால் வெட்டும்போது முனை போய்விடும், அதனால் அந்த வடிவத்தைச் சுற்றி வெறும் துணியில் ஒரு சட்டம் வைத்துத் தையுங்கள்.

வெட்டும்போது ஓரத்தில் இருந்த தையல் நூல்கள் அறுபடும். அவிழ்ந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், இணைப்புத் தையல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கட்டங்கள் பல நாள் பையில் கிடக்கப் போகின்றன என்றால் மட்டும் விளிம்பிலிருந்து ⅛ இஞ்சில் சுற்றி ஒரு தையல் போட்டு வையுங்கள்.

பட்டிகள் சந்திக்கும் இடத்தில் கோடு முறிகிறது

குறுக்குப் பட்டியைத் தாண்டிக் கீழே போகும்போது நெடுக்குப் பட்டி ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். போர்வையைப் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

கட்டங்களை முதலில் வரிசை வரிசையாக இணைத்து, பிறகு வரிசைகளை நீளப்பட்டியால் இணைக்கிறோம். நீளப்பட்டி ⅝ இஞ்ச் இடைவெளியைப் போட்டுவிடுகிறது. அடுத்த வரிசையின் பட்டியை எதற்கு நேராக வைப்பது என்று கண்ணுக்கு அடையாளம் இல்லை. அந்த அடையாளத்தை நாம்தான் போட வேண்டும். நீளப்பட்டியை முதல் வரிசையில் தைத்துத் திருப்பியதும், அந்த வரிசையின் ஒவ்வொரு நெடுக்குப் பட்டித் தையலுக்கும் நேராக ஸ்கேலை வைத்து, நீளப்பட்டியின் மறு விளிம்புவரை டெய்லர் சாக்கால் சின்னக் கோடு இழுங்கள். ஒரு பட்டிக்கு இரண்டு கோடு. இரண்டாவது வரிசையின் தையல்களை அந்தக் கோடுகளோடு பொருத்தி முதலில் அங்கே குண்டூசி குத்துங்கள், நடுப்பகுதியை அப்புறம் பாருங்கள்.

ஒரு கட்டத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சமாளிக்கலாம். கூடுதலாக உள்ள வரிசை கீழே, மெஷினின் பல்லை ஒட்டி வரும்படி தைத்தால் பல்லே அதைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் நீளத்தையலில் அதை ஒளிக்கப் பார்க்காதீர்கள். வரிசைக்குள் போய் எந்தச் சின்னப் பட்டி கோணலோ அதைப் பிரித்துத் தைப்பதுதான் வழி. பிடித்து இழுத்துப் பொருத்திய இடம் முதல் சலவையில் சுருக்கமாகத் திரும்பி வரும்.

போர்வை தரையில் படியாமல் அலை அலையாகக் கிடக்கிறது

நீளப்பட்டி இழுபட்டிருக்கிறது. துணி கரைக்கு இணையாகப் போகும் நேர்நூலில் அதிகம் இழுபடாது, குறுக்குநூலில் கொஞ்சம் இழுபடும், கிராஸில், அதாவது மூலைவாக்கில், நன்றாகவே இழுபடும். குறுக்கே வெட்டிய ஒல்லிப் பட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை நீளம் தைத்தால் ஒரு இஞ்ச் கூடிவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் விரும்பிப் பட்டி வெட்டுவது ஷ்வேஷ்வே என்ற அச்சடித்த நீலப் பருத்தித் துணியில். கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் என்கிறார்கள், துணிக்கடையில் போய் நின்றால் அந்த நீலத்தைத் தாண்டி வேறு துணி கண்ணில் படாது. 1840களில் பிரெஞ்சு மிஷனரிகள் பசோத்தோ மக்களின் அரசர் முதலாம் மொஷூஷூவுக்கு நீலத் துணி பரிசளித்தார்கள், அவர் பெயரே துணிக்கு வந்தது என்பார்கள். பல காலம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த துணி அது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ஸ்வெலிட்ஷாவில் உள்ள தா காமா டெக்ஸ்டைல்ஸ் ஆலை அதை 1982இல் இங்கேயே செய்யத் தொடங்கியது. 1992இல் மான்செஸ்டரின் 'த்ரீ கேட்ஸ்' முத்திரையும் அதன் செப்பு அச்சு உருளைகளும் அவர்களிடம் வந்தன.

நமக்கு முக்கியமான விஷயம் அதன் அகலம். வழக்கமான ஷ்வேஷ்வே 90 சென்டிமீட்டர்தான். 12½ இஞ்ச் கட்டம் மூன்றை இணைத்தால் வரிசையின் நீளம் 37¾ இஞ்ச், ஏறக்குறைய 96 சென்டிமீட்டர். குறுக்கே வெட்டிய பட்டி மூன்று கட்டத்துக்கே எட்டாது. எட்டவைக்க இழுப்போம், அங்கேதான் அலை பிறக்கும். அதனால் பட்டிக்கு வாங்கும்போது போர்வையின் நீளத்துக்கு மீட்டர் கணக்கில் வாங்கி, கரைக்கு இணையாக நீளவாக்கில் வெட்டுங்கள். துணி கொஞ்சம் மிஞ்சும், மேல்துணிக்கு ஆகும். ஒட்டுப்போட்டே ஆக வேண்டும் என்றால் ஒட்டைச் சாய்வாகப் போட்டு, அது கட்டத்தின் நடுப்பக்கம் வரும்படி பாருங்கள், சந்திப்பில் வர வேண்டாம்.

இன்னொன்று: பட்டியைத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தை வெட்டாதீர்கள். வரிசையை நடுவில் அளந்து, பட்டியை அந்த நீளத்துக்கே முதலில் வெட்டி, பாதி, கால் என்று அடையாளம் போட்டுக் குண்டூசி குத்தித் தையுங்கள். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து வாழ்ந்த வருடங்களில் பட்டிகளை எல்லாம் கரண்ட் இருக்கும்போதே மடித்து இஸ்திரி போட்டு அட்டையில் சுற்றி வைக்கப் பழகினேன். அந்தப் பழக்கத்தை விடவில்லை. அட்டையில் சுற்றிய பட்டி இழுபடுவதில்லை.

அலை விழுந்துவிட்ட போர்வையை ஈர இஸ்திரியால் படிய வைக்கலாம் என்று முயலாதீர்கள். அந்த ஒரு நீளத்தையலைப் பிரித்து, பட்டியைச் சரியான நீளத்துக்குக் குறைத்து மறுபடி தைப்பதுதான் வழி.

பின்பட்டி தையலை எட்டவில்லை, அல்லது பின்னால் அடித்த தையல் முன்னால் பட்டியை விட்டு வெளியே தெரிகிறது

மடித்த பின்பட்டி ⅞ இஞ்ச். அதில் கால் போனால் ⅝, சரியாக இரண்டாவது தையல்வரை வரும். ஒரு நூல்கூட உபரி இல்லை. இரண்டாவது தையல் கொஞ்சம் குறைந்தாலோ பஞ்சு உயரமாக இருந்தாலோ எட்டாது. ஓரிரு இடத்தில்தான் என்றால் நீராவி இஸ்திரி கொடுத்து விரலால் இழுத்து எம்மிங் செய்துவிடலாம். பட்டி முழுவதும் எட்டவில்லை என்றால் மீதி இணைப்புகளுக்குப் பின்பட்டியை 1⅞ ஆக வெட்டிக்கொள்ளுங்கள்.

மெஷினிலேயே முடிக்க விரும்புகிறவர்கள் 2 இஞ்சுக்கு வெட்ட வேண்டும். அப்போது பட்டி இரண்டாவது தையலை ⅛ இஞ்ச் தாண்டும். பின்னால் பட்டியின் விளிம்பை ஒட்டி அடிக்கிற தையல் முன்னால் பட்டிக்கு வெளியே, கட்டத்தின் மேல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு நேராகப் போனால் அழகாகவே இருக்கும். வளைந்து வளைந்து போனால்தான் உறுத்தும். அதனால் முன்பக்கத்தை மேலே வைத்து, பட்டித் தையலை ஒட்டிய பள்ளத்திலேயே அடித்துப் பாருங்கள். பின்பட்டியைப் பின்னால் நெருக்கமாகக் குண்டூசி குத்தியோ நூலோட்டம் போட்டோ பிடித்திருக்க வேண்டும். நான் கையால்தான் முடிப்பேன். ஒரு பட்டிக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கும். பிறகு ஏதாவது சரிசெய்யவும் கதவு திறந்திருக்கும்.

சந்திப்பில் மெஷின் தையலை விட்டுவிடுகிறது, ஊசி ஒடிகிறது

அங்கே எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே முடித்த பட்டியில் எட்டு அடுக்குத் துணி. அதன்மேல் நீள முன்பட்டி ஒன்று, பின்பட்டி இரண்டு. மொத்தம் பதினொரு அடுக்குத் துணியும் ஒரு அடுக்குப் பஞ்சும். 80 நம்பர் ஊசியால் ஆகிற காரியம் இல்லை. 90 போடுங்கள், துணி கெட்டி என்றால் 100. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் ஆக்குங்கள். சந்திப்பு வரும்போது பெடலை விட்டுவிட்டு நாலைந்து தையலைக் கையால் சக்கரத்தைச் சுற்றியே போடுங்கள்.

தையல் விடுவது பெரும்பாலும் மேடு ஏறும்போது ஃபுட் அண்ணாந்து நிற்பதால்தான். ஒரு துண்டுத் துணியை அதே தடிமனுக்கு மடித்து ஃபுட்டின் பின்பக்கம் அடியில் கொடுத்தால் ஃபுட் சமமாகிவிடும். தொழிற்சாலையில் ஜீன்ஸ் தைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சின்னப் பின்பட்டியின் நுனிகளை வரிசை விளிம்பு தாண்டி நீட்டிக்கொண்டிருக்க விடாமல் வெட்டிவிடுவதும் தடிமனைக் குறைக்கும்.

அடித்துணி இணைப்பை ஒட்டிப் பிய்கிறது

பழைய பருத்திச் சேலையை அடித்துணியாக வைப்பவர்களுக்கு வரும் கோளாறு. எங்கள் வீடுகளில் ஆயாவின் சேலையைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. போர்வைக்கு அடியில் வைத்தால் அதன் மென்மை வேறெந்தத் துணியிலும் கிடைக்காது. ஆனால் பல வருடம் துவைத்த நூலுக்குக் கால் இஞ்ச் பிடிப்பு போதாது, தையலை ஒட்டி நூல் நூலாக விலகும்.

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களும், கொசுவம் வந்த பகுதியும் மெலிந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுங்கள். மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரியால் பின்னால் ஒட்டி வலுப்படுத்தலாம், ஆனால் மென்மை போகும். அதைவிட, கட்ட அளவுக்கு மெல்லிய புதுப் பருத்தித் துணியைச் சேலைக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு அடுக்காக வைப்பேன். பிடிப்பு அந்தத் துணியில் இருக்கும், தொடுவதற்குச் சேலை இருக்கும். பின்பட்டி மட்டும் எப்போதும் புதுத்துணியில் இருக்கட்டும், உராய்வு எல்லாம் அதன் மேல்தான் விழும். ஏற்கெனவே பிய்ந்திருந்தால், அந்த இடத்தில் பின்பட்டியைப் பிரித்துவிட்டு 2½ இஞ்ச் பட்டி வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, பிய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல துணியில் எம்மிங் பிடிக்கும்படி மூடுங்கள்.

குண்டூசி இருந்த இடத்தில் துருப்புள்ளி

டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் ஊசியைத் துணியில் ஒரு வாரம் விட்டாலே போதும். அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள், அல்லது துருப்பிடிக்காத ஊசி வாங்குங்கள். வெள்ளைப் பருத்தியில் விழுந்த புள்ளிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டினால் மங்கும். நீலத்தின் மேல் இதைச் செய்யாதீர்கள், சாயமும் சேர்ந்து மங்கிவிடும்.

துவைத்தபின் பட்டி மட்டும் சுருங்குகிறது, அல்லது நீலம் வெள்ளையில் இறங்குகிறது

இரண்டுக்கும் மூலம் ஒன்று: பட்டித் துணியை முன்னால் நனைக்கவில்லை. கடையிலிருந்து வரும் ஷ்வேஷ்வே கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். கப்பலில் ஈரம் படாமல் வர அந்தக் காலத்தில் அப்படிக் கஞ்சி போட்டார்கள், அந்த விறைப்பும் வாசனையும் துணியின் அடையாளமாகவே நின்றுவிட்டது. அசலா என்று பார்க்கத் துணியை நாக்கில் வைத்து உப்புச் சுவை பார்க்கிறவர்கள் உண்டு. விறைப்பாக இருப்பதால் பட்டி வெட்ட அருமையாக இருக்கும். அந்த ஆசையில்தான் எல்லோரும் நனைக்காமல் வெட்டிவிடுகிறோம். முதல் சலவையில் கஞ்சி இறங்கும், துணி சுருங்கும், கட்டங்களின் மேல்துணி முன்பே நனைத்ததாக இருந்தால் பட்டி மட்டும் அவற்றை இழுத்துப் பிடித்துச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

துணியைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளிகிறவரை மாற்றி மாற்றி அலசுங்கள். நிழலில் காயவைத்து, இஸ்திரி போடும் முன் சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து நனைத்து எடுத்தால் விறைப்பு திரும்ப வந்துவிடும். வெட்டுவதும் பழையபடி சுலபம். கஞ்சி போட்ட துணியைத் தைக்காமல் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்தால் பூச்சி வரும், அதனால் வேண்டிய அளவுக்கு மட்டும் போடுங்கள். பருத்திப் பஞ்சும் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம் போர்வை முழுவதும் ஒரே சீராக வருவதால் அழகாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தைத்து முடித்த போர்வையில் நீலம் இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். காய்ந்த சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். குளியல் தொட்டியை நிரப்பி, கை பொறுக்காத சூட்டில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, போர்வை முழுவதும் மூழ்கும்படி அமுக்கி வையுங்கள். ஒரு பக்கம்கூட மிதக்கக் கூடாது. ராத்திரி முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் கிடக்கட்டும். தண்ணீர் நீலமாகியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி. எனக்கு ஒரு தடவை மூன்று இரவு ஆனது, ஆனால் வெள்ளை வெள்ளையாகவே திரும்பி வந்தது.

எடுத்தபின் முறுக்கிப் பிழியாதீர்கள். தண்ணீர் குடித்த போர்வையின் கனம் முழுவதும் பட்டித் தையல்களில்தான் தொங்கும், கொடியில் போட்டால் எம்மிங் விட்டுப்போகும். பெரிய துண்டுகளில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் பாய் விரித்து அதன்மேல் தட்டையாகப் போடுங்கள். பட்டிகளை மட்டும் விரலால் நேராக நீவிவிடுங்கள்.